நான் எழுதிய பல்லி

திண்டிவனம் அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்திருந்த பிள்ளைகளின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விழுப்புரம் அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார். மயிலம் போகும் வழியிலுள்ள ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்தொன்பது பிள்ளைகள் வாந்தியெடுத்து மயங்கியிருந்தார்கள். "சத்துணவுதானே?" என்று கேட்டார். "அப்படித்தான் சொல்றாங்க சார்" என்றேன். யார் சொல்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர், "சாம்பார்ல பல்லி கெடந்துச்சாம்" என்றார். பார்த்தது யார் என்றேன். "எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க" என்றார். பகுதி நேர நிருபனாக இருந்த எனக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் என் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. 'பல்லி விழுந்த சத்துணவு? 19 மாணவர்கள் மயக்கம்.' கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய்யாகாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லாமலே அறிந்த சலுகை. பள்ளியின் பெயர், சமையலர் அக்காவின் பெயர், அவர் எந்தத் தெருக்காரர் என்பது உட்பட எல்லாம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கரண்டியோடு அண்டாவின் பக்கத்தில் நின்ற அவருடைய படமும் இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் பள்ளிக்குப் போய், "கொஞ்சம் இப்படிப் பாருங்கக்கா" என்று சொல்லி எடுத்தவனும் நான்தான். எதற்கென்று தெரியாமல் அவர் லேசாகச் சிரித்திருந்தார். அச்சில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி தெரிந்தது.

அடுத்து என்ன நடந்தது என்று எழுதுவதற்காக அன்று காலையே அந்த ஊருக்குப் போனேன். சமையல்கூடத்தைப் பெற்றோர் சிலர் பூட்டியிருந்தார்கள். அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். காலனிப் பெண் சமைக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாக முணுமுணுத்தவர்கள், இப்போது என் செய்தியை வெட்டிப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

அவர் வீட்டுக்குப் போனபோது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எழுதுனது நீங்கதானே தம்பி?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணு அதே சோறுதான் துன்னுச்சு, அதுக்கு ஒண்ணும் ஆவல. அத்த விடுங்க, உம் பொண்ணுதானேன்னு சொல்லுவாங்க. பெரிய தெரு பசங்க அஞ்சு பேரு ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்காங்களே, அவங்க ஒரு நாளும் என் கையால துன்னதில்ல. வூட்லேர்ந்து டப்பா கட்டிக்கினு வர்ற பசங்க. நான் ஆக்குன சோத்தத் தொடாத புள்ளைங்களுக்கு எப்படிங்க வாந்தி வந்துச்சு?"

நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்த ஐந்து பெயர்களும் என் கையெழுத்திலேயே இருந்தன. அவர் சமைக்கிறார் என்பதற்காகவே அந்த வீடுகளில் டப்பா கட்டிக் கொடுத்தார்கள். அவர் சமைத்ததால்தான் பிள்ளைகள் மயங்கினார்கள் என்று நான் எழுதியிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய அறிவு தேவையில்லை, கொஞ்சம் சந்தேகம் போதும். அந்தச் சந்தேகம் எனக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பினேன். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து பன்னும் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் சாப்பிட்ட பிறகு எங்கே விளையாடினீர்கள் என்று மட்டும் கேட்டேன். பக்கத்துக் கட்டில் பையனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா அம்மா அடிக்கும்" என்றாள். அடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், "வேலியோரமா காய் இருந்துச்சுண்ணா. ஒடச்சா உள்ள மல்லாட்டை மாதிரியே இருக்கும். எல்லாரும் துன்னோம்" என்றாள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பையன் கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு கொட்டைகளை எடுத்து நீட்டினான். பார்த்ததுமே காட்டாமணக்கு என்றார் டாக்டர். அதுதான் காரணம் என்றும், பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். வராந்தாவுக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

நடந்ததைச் சொன்னபோது செய்தி ஆசிரியர், "உள்பக்கத்துல நாலு வரி விளக்கம் போட்டுடலாம்ப்பா" என்றார். பஸ் ஏறி விழுப்புரம் போனேன். இரண்டு மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலையோரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா விருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். பள்ளியின் பெயர் இல்லை, சமைத்தவர் பெயர் இல்லை, படம் இல்லை. 'ஒவ்வாமை' என்று ஏழு வரி. அந்தத் துண்டையும் அன்றைய முதல் பக்கத்தையும் அவர் மேசையில் அருகருகே வைத்தேன். "ரெண்டுமே நான் எழுதுனதுதான் சார். யாரும் அப்படி எழுதச் சொல்லல" என்றேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு பக்கம் வடிவமைப்பவரைக் கூப்பிட்டு, "அதே எடம், அதே அளவு. அந்தம்மா படமும் வரணும்" என்றார். விளம்பரம் ஒன்றை உள்ளே தள்ளச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

இன்று விழுப்புரத்தில் செய்தி ஆசிரியராக அதே மேசையில் நான் இருக்கிறேன். பள்ளிச் செய்தி வந்தால் நிருபர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: இதே சம்பவம் வேறு பள்ளியில், வேறு தெருவில் நடந்திருந்தால் இந்தத் தலைப்பு வைப்பாயா? அவர்கள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் போய் விசாரித்துவிட்டு வருவார்கள். திருத்தம் வந்த பிறகு நடந்ததை மட்டும் அவர்களிடம் நான் சொன்னதில்லை.

அக்கா மறுபடி வேலைக்கு வந்த நாளில் பத்திரிகையோடு பள்ளிக்குப் போயிருந்தேன். சமையல்கூடத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டவர், "தவறு எங்களுடையது" என்ற வரி வந்ததும் கரண்டியை நிறுத்தினார்.

"எங்களுடையதுன்னா யாருது?"

"பத்திரிகையோடதுக்கா."

அவர் என்னையே பார்த்தார்.

"என்னோடதுதான்க்கா" என்றேன்.

"ம்" என்றார். அடுப்பைத் தணித்தார். மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள். வரிசையின் கடைசியில் எனக்கும் ஒரு தட்டைக் கொடுத்து, "ஒக்காருங்க தம்பி, துன்னுட்டுப் போங்க" என்றார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். அக்கா ஆக்கிய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டேன்.