லட்டு தின்றவளின் திராட்சைக் கொடி

என் அம்மா ஒரு லட்டு தின்றாள். முழு லட்டுகூட இல்லை, கால் லட்டு. அதற்காக எங்கள் சபை அவளை என்ன பாடு படுத்தியது என்பதை இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். இது ஆற வேண்டும் என்று நான் ஒருநாளும் ஜெபம் பண்ணியதில்லை.

எழுபதுகளில் நடந்தது. சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மிஷன் காம்பவுண்டுக்குள் நானும் அம்மாவும் குடியிருந்தோம். நைனா, என் அப்பா, அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து காலமானவர். அவருக்குப் பின்னால் எனக்கு அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலையைக் கொடுத்ததால் வீடு எங்கள் கையில் தங்கியது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வார்கள். ஐயர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே கல்தூண் நட்டு ஒரு பந்தல். அதன்மேல் படர்ந்திருந்தது கறுப்புத் திராட்சைக் கொடி.

யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் நட்டது என்பார்கள். வருஷா வருஷம் அதன் பழத்தைப் பறித்துப் பிழிந்து, காய்ச்சிப் புட்டிகளில் அடைத்து, மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பத்தோடு ஒரே பாத்திரத்தில் எல்லோருக்கும் ரசம் கொடுக்கும் இராப்போஜனத்துக்கு வைத்துக்கொள்வோம். மற்ற ஊர்ச் சபைகளில் கடையில் உலர்ந்த திராட்சை வாங்கிக் கொதிக்க வைப்பார்கள். எங்களுக்கு அது கேவலம். நம் கொடி, நம் ரசம் என்று சபையை நடத்தும் மூப்பர்கள் மார்தட்டுவார்கள். மார்தட்டியவர் ஒருவரும் அந்தக் கொடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. ஊற்றியது அம்மா. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கொடி தெரியும், வாடினால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் தொடங்கிவிட்டது. கண் மங்குகிறது என்று அம்மா திருப்பதியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலையில் குடித்த கஞ்சியோடு மத்தியானம் வரைக்கும் வரிசையில் நின்று, திரும்பும் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் பாதிப் பேர் மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள். பாதி வழியில் அம்மாவுக்குக் கண் இருட்டித் தலை தொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மொட்டை அடித்த அம்மாள் பதறிப்போய், மடியிலிருந்த லட்டைப் பிட்டு, "தினம்மா, கொஞ்சம் தினு, பரவாலேது" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே வாயில் வைத்தாள். அம்மா விழுங்கினாள். உயிர் வந்தது.

அதே பஸ்ஸில் இரண்டு சீட்டு பின்னால் எங்கள் பெரிய மூப்பர் உட்கார்ந்திருந்தார். தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா மயங்கியபோது அவர் எழுந்திருக்கவில்லை. அவள் மென்றதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவை நிறுத்திவைத்தார்கள். நானும் கூட நின்றேன்.

"விக்கிரகத்துக்குப் படைச்சத துன்னியா இல்லியா?" என்று கேட்டார் பெரிய மூப்பர்.

"மயக்கம் வந்துட்சி ஐயா. அந்தம்மா வாயில வச்சிட்டாங்க."

"துப்பியிருக்கலாமே?"

துப்பியிருக்கலாம்தான், செத்தும் போயிருக்கலாம். எங்கள் காம்பவுண்டில் லட்டு தின்னாத வீடு எது என்று எனக்குத் தெரியும். தெலுங்குக்கார அண்டை வீட்டார் மலைக்குப் போய்வந்து கொடுத்தால் வாங்காமல் இருக்க முடியுமா? வாங்குவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு தின்பார்கள், நெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேதபாடத்துக்கு வருவார்கள். அம்மா கதவில்லாத இடத்தில் தின்றுவிட்டாள். குற்றம் அதுதான்.

அவளை ஒழுங்கில் வைத்தார்கள். அப்படியென்றால், கோயிலுக்கு வரலாம், பாடலாம், காணிக்கை போடலாம். இராப்போஜனம் மட்டும் கிடையாது. எல்லோரும் எழுந்து முன்னால் போய் முழங்காலில் நிற்கும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். நைனாவை அடக்கம் பண்ணின மறுநாள் முதல் ஞாயிறு. அன்றைக்குக்கூட அந்தப் பாத்திரத்தைத் தவறவிடாதவள் அவள். ஊரே திரும்பிப் பார்க்க அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்ற வைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஐயர் சின்ன வயசுக்காரர், கெட்டவரில்லை. ஆனால் மூப்பர்களைக் கண்டால் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் பந்தலடியில் அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "இந்த வருஷம் கொடியக் காப்பாத்திக் குடுத்துடுங்கம்மா. பழம் நல்லா வந்தா மூப்பருங்க மனசு எளகும். புது ரசம் எடுத்து மொதல் இராப்போஜனம் குடுக்கிற அன்னைக்கி உங்களையும் சேத்துக்கலாம்."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கொடி பிழைத்தால் அவளுக்குப் பாத்திரம் உண்டு.

வெயிலோ, பழிவாங்க வந்தது மாதிரி அடித்தது. சித்திரையில் கொடியைக் கவாத்து பண்ணினாள். துளிர் வந்தபோது மழை வரவில்லை. வைகாசியில் காம்பவுண்டுக் கிணறு வற்றி அடியில் தவளை செத்து நாறியது. குழாயடி தூரம். பள்ளிக்கு நான் கிளம்புவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் குடிக்க மட்டும் நான் கொண்டுவருவேன். கொடிக்கு அவள் போவாள், பாதி தெரிந்தும் தெரியாத கண்ணோடு, இடுப்பில் குடத்தோடு. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலம்பிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் கொடிக்குப் போயிற்று. குளிக்கவும் அரை வாளிதான். அதையும் பந்தலடிக்கு எடுத்துப்போய், மறைவுக்குப் புடவை கட்டி, வேர்மேல் நின்று குளித்தாள். மேற்கு வெயில் இலையைப் பொசுக்குகிறது என்று தன் பழைய புடவைகளைப் பந்தல்மேல் விரித்தாள்.

"உனுக்குப் பைத்தியமாம்மா?" என்று நான் கத்தினேன்.

"பைத்தியம்தான். நீ போய் வேலையப் பாரு."

பெரிய மூப்பர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. மானத்தை விட்டு நான் போய்க் கேட்டேன், கோயில் கொடிக்குத்தானே என்று. அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "மொதல்ல ஆத்துமாவுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு உங்கம்மாவ. கொடி அப்பறம் தானா தழைக்கும்." உள்ளே அவர் மனைவி சிரித்தது காதில் விழுந்தது. அன்று அவர்கள் கிணற்றில் மண் விழ வேண்டும் என்று மனதாரச் சபித்தேன். விழவில்லை. நல்லவர்கள் சாபம்தான் பலிக்கும் போல.

ஆனால் கொடி பிழைத்தது. பிழைத்தது மட்டுமா? தண்ணீர் குறைந்த வருஷத்துப் பழம் சின்னதாக இருக்கும், இனிப்போ இரட்டிப்பாக இருக்கும். குலைகள் மிளகு போல இறுகி, கறுத்து, மேலே சாம்பல் பூத்துத் தொங்கின. மைனாவும் குளவியும் மொய்த்தன. அம்மா கிழக்கே திரும்பி, மேற்கே திரும்பி, டின்னைத் தட்டிக்கொண்டே ஆடி மாதம் முழுக்க அங்கேயே கிடந்தாள். ஒரு பழத்தையும் வாயில் போடவில்லை. முதலில் பாத்திரத்தில்தான் என்று வைத்திருந்தாள்.

ஆவணியில் அறுவடை நாள் குறித்தார்கள். சபைப் பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, கூடையோடு வந்தார்கள். ஐயர் ஜெபம் பண்ண, பாட்டோடு பறிக்கத் தொடங்கினார்கள். அம்மாவும் வெள்ளைப் புடவையில் வந்து, முக்காலியில் ஏறி, முதல் குலையைத் தாங்கிப் பிடித்துக் கத்தரிக்கோலை வைத்தாள். பெரிய மூப்பரின் மனைவி கீழேயிருந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எறங்கு. நீ ஒழுங்குல இருக்கறவ. கர்த்தருடைய பாத்திரத்துக்குப் போற பழம், உன் கை படக் கூடாது."

பாட்டு நின்றது. யாராவது ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். ஐயர் வேட்டி நுனியில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா குலையை மெதுவாக விட்டுவிட்டு இறங்கினாள். கத்தரிக்கோலை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

"இந்த வறட்சியிலயும் கர்த்தர் கொடியக் காப்பாத்தினாரே" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். கர்த்தர் யார் இடுப்பில் குடத்தை வைத்துக் காப்பாற்றினார் என்று சொல்ல அத்தனை பேரில் ஒருத்திக்கும் வாயில்லை. நான் சொன்னேன். "சின்னப் பொண்ணு, வாய மூடு" என்றார்கள்.

ஐயர் வீட்டுப் பின்கட்டில் பழத்தைப் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடித்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சினார்கள். புட்டி கழுவும் வேலை எனக்கு. ரசம் அப்படியொரு நிறம், அப்படியொரு மணம்; இதுவரை இப்படி வந்ததே இல்லை என்று வயசானவர்கள் சொன்னார்கள். ஐயரம்மாவின் அலமாரித் தட்டு புட்டிகளால் நிறைந்தது. தோலும் கொட்டையும் சிதறிக் கிடந்த தரையைப் பெருக்க மட்டும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அதற்குக் கை படலாம். அவள் சக்கையை வாரிக் கொண்டுபோய்க் கொடியின் வேரிலேயே போட்டாள்.

ஐயர் சொன்ன சொல்லை மறக்கவில்லை. ஆனால் மூப்பர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனையில் அம்மா சபை முன்னால் முழங்காலிட்டுப் பாவத்தை அறிக்கையிட வேண்டும். முழங்காலிட்டாள்.

"நான் படைச்சத துன்னேன். சபை என்னை மன்னிக்கணும்."

"இன்னா துன்ன? சத்தமா சொல்லு, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கணும்" என்றார் பெரிய மூப்பர்.

"லட்டு."

பின்பெஞ்சில் களுக்கென்று சிரித்தார்கள். அம்மாவின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் வீட்டு லட்டை நானே தின்றிருக்கிறேன்.

ஞாயிறு வந்தது. ஒழுங்கிலிருந்து வருகிறவர்கள் கடைசியில்தான் போக வேண்டும். நான் என் வரிசையில் போய்ப் பாத்திரத்தில் வாய் வைத்தேன். அந்தக் கோடை முழுக்க என் நாக்கில் இறங்கியது போல இனித்தது. அம்மாவுக்குக் கிடைக்கப்போகிறதே என்று அழுகை வந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புது ரசம் என்று மூப்பர்கள் ஆளுக்கு இரண்டு மடக்காகக் குடித்தார்கள். எல்லோரும் முடித்தபின் அம்மா தனியாக முன்னால் போய் முழங்காலிட்டாள். ஐயர் அப்பம் கொடுத்தார். பாத்திரத்தைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

பாத்திரம் காலி. குறைந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றி ஜெபித்துக் கொடுப்பதுதான் வழக்கம். பக்கத்தில் பெரிய மூப்பர், மூடி திறக்காத புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐயர் அவரைப் பார்த்தார். பெரிய மூப்பர் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

ஐயர் காலிப் பாத்திரத்தை அம்மாவின் வாயில் வைத்துச் சாய்த்தார். அதன் அடிப்பாகம் கூரையைப் பார்க்கும்வரை சாய்த்தார். அம்மா விழுங்குவது போலத் தொண்டையை அசைத்தாள். பிறகு எழுந்து, தலை குனிந்து, தன் இடத்துக்கு வந்தாள்.

வெளியே வந்தபோது பெரிய மூப்பர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒருத்திக்காகப் போய் இன்னொரு புட்டியத் தெறக்கறதா? வருஷம் பூரா வரணுமில்ல."

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். "வாசனை கூட இல்லடி. துடைச்ச மாதிரி இருந்துச்சி" என்றாள். சாயங்காலம் அரிசி களைந்த தண்ணீரை வீட்டுப் பின்னாலிருந்த முருங்கைக்கு ஊற்றினாள். அன்று முதல் பந்தல் பக்கம் அவள் கால் போகவில்லை.

மழைக்காலத்தை ஒப்பேற்றிய கொடி, அடுத்த கோடையில் மாட்டிக்கொண்டது. அந்தக் கோடையும் கொடியதுதான். இலை சுருண்டு, தண்டு பட்டை உரிந்தது. எனக்கே மனசு கேட்காமல், "நானாச்சும் ஒரு கொடம் ஊத்தட்டுமா?" என்றேன். "ஊத்து. ஊத்திட்டு என்னை அம்மான்னு கூப்பிடாத" என்றாள்.

ஐயரும் பெரிய மூப்பரும் வீட்டுக்கே வந்தார்கள். எங்கள் வீட்டு வாசற்படியில் பெரிய மூப்பர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"கொடி காயுதேம்மா. பாத்துக்கினு சும்மா கீறியே?" என்றார்.

"நான் லட்டு துன்னவ ஐயா. என் கை படக் கூடாது."

"அதான் சபையில சேத்துக்கினமே!"

"சேத்துக்கினீங்களா? அன்னைக்கிப் பாத்திரத்துல இன்னா இருந்துச்சி? புட்டி உங்க கையிலதான இருந்துச்சி, நீங்களே சொல்லுங்க."

பெரிய மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆனி பிறப்பதற்குள் கொடி பட்டுப்போயிற்று. எனக்கு அதில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான். மற்றவர்களைப் போல நாங்களும் கடைத் திராட்சையை வாங்கிக் கொதிக்க வைக்கும் சபை ஆனோம். பட்ட தண்டை வெட்டிப் பந்தலடியில் குவித்திருந்தார்கள். வேண்டியவர்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஐயர். அம்மா போய் ஒரு கட்டு கட்டித் தலையில் தூக்கி வந்தாள். முதல் மழை பெய்து கிணறு ஊறின அன்று, அந்த விறகை அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டு, முழு வாளித் தண்ணீரில் தலைக்குக் குளித்தாள்.