ஸ்பேனர்களுக்கு அடியில் விரித்தது

பஞ்சர் ஒட்டும் ‘சொல்யூஷன்’ ட்யூபைத் திறந்தால் மூக்குக்குள் புகுந்து கண்ணோரம் வரை இனிப்பாக ஏறும் ஒரு வாடை உண்டு. ஏதாவது சைக்கிள் கடை வாசலில் இப்போதும் அது வந்து மோதினால், முதலில் எனக்குக் காது சூடாகும், அப்புறம்தான் அது எதன் வாடை என்பதே நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, என் அப்பா மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்த்துவந்தார். கடை என்று பலகை எல்லாம் கிடையாது. ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்துக் கார் ஷெட், அவ்வளவுதான். வீட்டுக்கார மாமியின் கணவர் காலமாகி, காரும் விற்றுப்போன பிறகு, சும்மா கிடந்த இடத்தை மாமி அப்பாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாமி மாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். எங்கள் வீடு அதே சந்தின் உள்கோடியில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு நான் ஷெட்டுக்குத்தான் ஓடுவேன்.

அதுவரை அப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாம் ஒரு பழைய ஆயில் டின்னில் கிடந்தன. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒருநாள் அவர் ஐந்து இழுப்பறை வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது, சந்தே எட்டிப் பார்த்தது. பெட்டி அழகுதான். ஆனால் ‘ட்ராயரை’ இழுத்தால் அத்தனை ஸ்பேனரும் ஒன்றாகச் சறுக்கி முன்னால் வந்து மோதும், தள்ளினால் பின்னால் போய் மோதும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை இழுத்துத் தள்ளுகிற தொழில் அது. மாமி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்து, “நீங்க அதை இழுத்தேள்னா எங்காத்துல தம்புரா நின்னுபோறது. பங்குனி முடியறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்கோ, இல்லேன்னா வேற எடம் பாத்துக்கோங்கோ” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். சத்தமில்லாமல் சொன்னதால் அது இன்னும் நன்றாகக் கேட்டது.

மயிலாப்பூரில் அந்த வாடகைக்கு இன்னொரு ஷெட் கிடைக்காது என்று எனக்கே தெரியும். அடியில் எதையாவது விரிக்க வேண்டும், அது வழுக்கவும் கூடாது. நானும் அப்பாவும் ஆராய்ச்சியில் இறங்கினோம். செய்தித்தாள் இரண்டே நாளில் ஆயில் குடித்துக் கிழிந்தது. சாக்குத்துணியின் நூலில் ஸ்க்ரூ டிரைவர் மாட்டிக்கொண்டது. சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டால் சுருண்டு எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைப்பையில் ஒரு ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு அப்பா என்னை தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பாய்க்கடையில், காட்டிய ஒவ்வொரு விரிப்பின் மேலும் ஸ்பேனரை வைத்து, மெதுவாகச் சாய்த்து, அது எப்போது சறுக்குகிறது என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் தெற்கத்திக்காரர். “என்ன அண்ணாச்சி, ஸ்பேனரத் தூங்க வைக்கவா பாய் தேடுதீய?” என்று கேட்டார். கடைசியில், காருக்குள் விரிக்கிற வரிவரியான ரப்பர் ஒன்று, எவ்வளவு சாய்த்தும் ஸ்பேனரை விடவில்லை. விலையைக் கேட்டதும் அப்பா ஸ்பேனரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எனக்கு என் பழைய ஹவாய் செருப்பு ஞாபகம் வந்தது. சின்னதாகிவிட்டதால் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. டியூஷன் வாசலில் மாறிப்போகக் கூடாதென்று, அப்பாவே கம்பியைக் காய்ச்சி, குதிகால் படும் இடத்தில் ‘வ’ என்று என் பெயரின் முதலெழுத்தைச் சுட்டிருந்த செருப்பு. அதன் அடிப்பக்க வரிகளின் மேல் ஒரு ஸ்பேனரை வைத்துச் சாய்த்தேன். நகரவில்லை. ரங்கநாதன் தெரு ரப்பர் தோற்றது. மறுநாள் அப்பா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், குதிகாலையும் முன்பாகத்தையும் சதுரமாக வெட்டி, வரி மேலே தெரிய, கால் படுகிற பக்கம் கீழே ஒரு அட்டைத் துண்டோடு சேரும்படி ‘சொல்யூஷன்’ தடவி ஒட்டி, அவர் எப்போதாவது மட்டும் திறக்கும் கடைசி இழுப்பறையின் மூலையில் வைத்துப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒரு ஜோடி செருப்பு ஒரு மூலைக்குத்தான் காணும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் செய்வது தப்பு என்று எனக்குத் தெரியும். ஷெட்டில் என் கால் தெரியாமல் ஒரு நட்டின் மேல் பட்டுவிட்டால்கூட, அப்பா என்னை நிறுத்தி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். காலையில் முதல் ஸ்பேனரை எடுக்கும்போது அவரும் அப்படித்தான். அந்த ஸ்பேனருக்கு அடியில் செருப்பை விரிக்கலாமா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கழுவிவிட்டால் ரப்பர் ரப்பர்தானே என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஜெயித்துவிட்ட மமதை அப்படி.

பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா வந்தது. மாட வீதிகளில் எள் போட இடமில்லாத கூட்டம். மறுநாள் விடிந்து பார்த்தால், குளத்தங்கரையிலிருந்து தேரடி வரை நெரிசலில் கழன்றுபோன செருப்புகள், ஒற்றையும் ஜோடியுமாக, நீர்மோர் டம்ளர்களுக்கு நடுவே இறைந்து கிடந்தன. குப்பை லாரி வருவதற்குள் நான் ஒரு அரிசிப் பையோடு போய், தடிமன் பார்த்து, வரி தேயாததாகப் பார்த்து, கடையில் பொறுக்குவதுபோல நின்று நிதானமாகப் பொறுக்கினேன். சோப்புத் தூளில் ஊறவைத்து, தேய்த்து, காயவைத்து, வார் கோக்கும் துளைகள் வராமல் சதுரம் சதுரமாக வெட்டி, இரண்டே நாளில் ஐந்து இழுப்பறைக்கும் விரிப்புத் தயாராகிவிட்டது.

அப்பா இழுத்துப் பார்த்தார். ஒரு சத்தமில்லை. மறுபடி இழுத்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சந்து முனையில் செருப்புத் தைக்கும் எல்லப்பனிடம் மிச்ச ரப்பர் இருந்தது, கேட்டேன், கொடுத்தான் என்று சொன்னேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வந்தது.

கொடுத்தான் என்றுதான் சொன்னேன். எல்லப்பன் என் அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தலை நரைத்திருந்தது. ஆனாலும் சந்தில் ஆறு வயதுப் பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும், அவரும் “இன்னா பாப்பா” என்று திரும்பிப் பார்ப்பார். ஏன் அப்படி என்று யாரும் விளக்கியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கிழிந்த ஸ்கூட்டர் சீட்டுகளை அப்பா அவரிடம்தான் தைக்கக் கொடுப்பார். அந்த வாரமே அப்பா அவருடைய சைக்கிளை வாங்கி வந்து, முழுக்கப் பிரித்துப் பூட்டிக் கொடுத்து, நீ பண்ணியதற்குப் பதில் இது என்று சொன்னார். சீட்டுத் தைத்ததைச் சொல்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு பொய் அவ்வளவு சுலபமாகப் பிழைத்துக்கொண்டது. மாமிகூட, மெக்கானிக் பெண் கெட்டிக்காரி என்று ஒருநாள் என் கன்னத்தைத் தட்டினார்.

புரட்டாசி முடிய ஆயுத பூஜை வந்தது. காலையில் அப்பா எல்லாக் கருவிகளையும் எடுத்து வெளியே பரப்பி, மண்ணெண்ணெயில் துடைத்து, வாழையிலையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். மாமி ஒரு தட்டில் பூவும் குங்குமமும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். மேல் இழுப்பறையின் விரிப்பையும் துடைத்துவிடலாம் என்று அப்பா மண்ணெண்ணெயை ஊற்றியதும், பசை இளகி, சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஒன்றைத் திருப்பினார். அதில் ஐந்து விரல் பதிந்திருந்தது. யாரோ பல வருடம் மிதித்து மிதித்துக் குழிவிழுந்த ஐந்து கறுப்புப் பள்ளங்கள். எவ்வளவு தேய்த்தும் போகாத அவற்றைத்தான் நான் அட்டைப் பக்கம் ஒளித்திருந்தேன். அடுத்ததைத் திருப்பினார். அதிலும் விரல்கள்.

“யார் யார் கால்ல கெடந்ததோ! இதும்மேலயா சரஸ்வதியை உக்காத்தி வச்சிண்டிருந்தேள், என் ஆத்து வாசல்ல?” என்று மாமி இரண்டடி பின்னால் போனார். தட்டு அவர் கையிலேயே இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. சொன்னால் ஷெட் போய்விடும் என்று பயந்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டதுண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. பொய்க்காரி என்று அப்பா என்னைப் பார்த்துவிடக் கூடாது, அதுதான் பயம். எல்லப்பன் கொடுத்ததுதான் என்று மறுபடியும் சொன்னேன். அவாளிடம் போய் வாங்கினால் வேறு எப்படி இருக்கும் என்றார் மாமி. அவர் முகத்தில் ஏதோ கணக்கு நேராகிவிட்ட தெளிவு வந்தது. அப்பா துண்டுகளை அள்ளிக்கொண்டு, “நீயும் வா” என்று என்னைக் கூப்பிட்டார்.

எல்லப்பன் சுவரோரம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று வேலை இல்லை. குத்தூசி, சுத்தியல், வெட்டுக்கத்தி, செருப்பை மாட்டித் தட்டுகிற இரும்புக்கால் எல்லாவற்றையும் கழுவி ஒரு சாக்கின் மேல் வைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் இட்டிருந்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தில் கொஞ்சம் பொரி, ஒரு வாழைப்பழம். செருப்புப் படாத நாளே இல்லாத கருவிகள் அவை. அவற்றுக்கும் பொட்டு எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. கையிலிருந்ததை அப்படியே அவர் முன்னால் எறிந்தார். இரண்டு மூன்று துண்டுகள் பொரியின் மேல் விழுந்தன.

“ஏன்யா எல்லப்பா, தொழில் பண்ற பொட்டியில போடறதுக்கு இதத்தான் குடுத்தியா? நல்லாத்தானே பழகிக்கினு இருந்தோம்?”

அவர் ஒரு துண்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். “நா எங்க நைனா குட்த்தேன்? இது நம்ம கைவெட்டே இல்ல.”

“எம் பொண்ணு பொய் சொல்லாது” என்றார் அப்பா.

அப்போதுதான் எல்லப்பன் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஓரப்பார்வையாக ஒரு தடவை, அவ்வளவுதான். பிறகு பொரியில் கிடந்த துண்டுகளை எடுத்துக் கீழே வைத்தபடி, “அப்ப நாந்தான் குட்த்துருப்பேன். வுடு நைனா” என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், பெரிய மனசு என்று பல காலம் நான் நினைத்து ஆறுதல்பட்டிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தச் சந்தில் என் பேச்சுக்கு எதிரில் தன் பேச்சு நிற்காது என்று அவருக்குத் தெரியும். அலுத்துப்போய்ச் சொன்னது அது.

பெட்டியில் பிறகு அப்பா வேறு எதையோ விரித்தார், சத்தம் ஓரளவு அடங்கியது, மாமியும் காலி செய்யச் சொல்லவில்லை. எல்லப்பன் அதே இடத்தில் இன்னும் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தார். அப்பா சீட்டுகளை மந்தைவெளிக்குக் கொண்டுபோய்த் தைத்துவந்தார். மாட வீதிக்குப் போக வேண்டுமானால், சந்தின் முன்வழியாகப் போகாமல் பின்வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். நானும் பின்வழியைத்தான் பிடித்தேன். ஒருமுறை செருப்பு வார் அறுந்தபோது, உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றி வந்து கால் கொப்புளித்தது.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. பெட்டி நங்கநல்லூரில் என் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டது. போன மாதம் ஒரு கடையில், வழுக்காத விரிப்பு என்று சுருள் சுருளாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து, கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அதன் மேல் வைத்து, சாய்த்துப் பார்த்து வாங்கினேன். விற்பனைப் பெண் சிரித்தாள். வீட்டுக்கு வந்து விரிப்பதற்காக இழுப்பறைகளைக் கழற்றினேன். ஐந்தாவதில், எல்லாவற்றுக்கும் பின்னால், ஆயில் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு சின்ன ரப்பர் சதுரம். பழைய பசை கெட்டியாகிப்போன பக்கத்தில், கம்பியால் சுட்ட ‘வ’.

அப்பா தன் கையால் சுட்ட எழுத்து அது. அந்த ஆயுத பூஜை அன்று சாயங்காலமே, கடைசி இழுப்பறையைத் துடைக்கும்போதே, அவர் பார்த்திருப்பார். அப்புறம் இத்தனை வருடம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்து முனைக்குப் போய் எல்லப்பனிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது அடி தூரம்தான்.

மறுநாள் மயிலாப்பூருக்குப் போனேன். மாமியின் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. சந்து முனையில் சுவரை இடித்து, பணம் எடுக்கும் இயந்திரத்துக்குக் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பூக்கட்டும் அம்மாவிடம், இங்கே எல்லப்பன் என்று ஒருவர், என்று ஆரம்பித்தேன். “எந்த எல்லப்பன்மா? அவரு அப்பா பேரு, ஊரு ஏதாச்சும் தெரிமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது என்னை அறியாமல் என் கால் பின்வழிக்குத்தான் போனது. அப்பா கோபத்தில் சுற்றிப் போனார் என்றல்லவா நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.