பூமியில் இருந்த சுருள்

என் மகளின் கல்லூரிக் குழு இரண்டு பிலிம் சுருள்கள் வாங்கியது. மங்கிய ஒளியைக்கூடப் பிடித்துவிடும் ரகம். ஒன்று விண்கலத்தில் போய்ச் சில வாரங்கள் சுற்றிவிட்டுத் திரும்பும். மற்றது எங்கள் மல்லேஸ்வரம் வீட்டு ஃபிரிட்ஜில், தோசைமாவுக்குப் பக்கத்தில், சும்மா இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கழுவி ஒப்பிட்டால்தான் விண்வெளிக் கதிர்கள் பிலிமை எவ்வளவு கெடுத்தன என்று தெரியும்.

"இதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதும்மா. இதோட வேலையே அதான்" என்றாள்.

மேலே போன சுருள் கல்லூரிக்கு வந்த அன்று அவள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள். வீட்டுச் சுருளை நான் கொண்டுபோக வேண்டும்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். ஆட்டோ குலுங்கும், வெயில் படும். அதனால் மெட்ரோ. டப்பாவின் மேல் 'வெளிச்சம் படக்கூடாது' என்று எழுதியிருந்தாள். அதைக் கறுப்புத் துணியில் சுற்றி, மேலே அலுமினியத் தாளும் சுற்றினேன்.

நிலையத்தில் பையை ஸ்கேனர் பெல்ட்டில் வைத்தேன். உள்ளே இருட்டுதானே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. காவலர் திரையைப் பார்த்துவிட்டு பெல்ட்டைப் பின்னால் ஓட்டினார்.

"என்னம்மா இது, உருண்டையா?"

"பொண்ணோட பிலிம் சார். தயவுசெஞ்சு திறந்துடாதீங்க, வெளிச்சம் பட்டா போச்சு."

"திறக்கலம்மா, பயப்படாதீங்க. இன்னொரு வாட்டி உள்ள உட்டுப் பாத்துக்கறேன்."

மூன்று முறை விட்டார். கை கூப்பி நன்றி சொன்னேன்.

கழுவிப் பார்த்தபோது, விண்வெளிக்குப் போனதைவிட வீட்டில் இருந்த சுருள்தான் மூட்டமாக இருந்தது.

"ஆன்ட்டி, இத சூரியனுக்கா கூட்டிட்டுப் போனீங்க?" என்று அவள் தோழி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"பை ஸ்கேனர்ல போச்சாம்மா?"

"உள்ள இருட்டாத்தானேடி இருக்கு?"

"அது எக்ஸ்ரேம்மா. எத்தனை வாட்டி?"

சொன்னேன். நானும் பட்டம் படித்தவள்தான். எக்ஸ்ரே என்றால் என்னவென்று தெரியும். அந்த நேரம் 'வெளிச்சம்' என்ற ஒரு சொல்தான் மனதில் இருந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு வருட உழைப்பின் அறிக்கையில், முடிவு என்ற இடத்தில் 'ஒப்பிட இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். இன்னொரு முறை அனுப்ப அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

போன வாரம் குடையை மறந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனுக்குக் கொண்டுவரட்டுமா என்று போனில் கேட்டேன்.

"வேணாம்மா. நீ ஒண்ணும் எடுத்துட்டு வராத" என்றாள், மெதுவாகத்தான்.

நனைந்துகொண்டே வந்தாள்.