அலமாரிக்குள் ஆறு கண்ணாடி

1954 ஜூலை 6, செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்கு, நான் மேற்பார்வை பார்க்கும் பாறசாலை கல் பட்டறையைத் திறந்தேன். இரவு மழையில் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியிருந்தது, குறித்துக்கொண்டேன். கொல்லன் காய்ச்சிக் கூர்தீட்டிய உளிகளைப் பிரித்துக் கொடுத்து வருகை எடுத்தேன். ஆறு பேரில் ஐந்து பேர். ஆறாவது ஆளின் இடத்தில் ஒரு கல்லறைக் கல் சாய்ந்து கிடந்தது. அதில் 'கர்த்தருக்குள்' என்ற சொல்லின் கடைசி எழுத்து மட்டும் பாக்கி.

ஜூன் 18 அன்று அந்தக் கல்லில் எழுத்து வெட்டும்போது சில்லு தெறித்து அவருடைய வலது கண் போய்விட்டது. இனி பார்வை வராது என்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ் நஷ்டஈடு கிடைத்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. சந்திப்பில் எந்நேரமும் போலீஸ் வண்டி. டீக்கடையில் நான் டைரியைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும்.

மதியம் முதலாளி ஒரு தாளைக் கொடுத்து, "இத ஃபைல்ல வை, மக்கா. இன்சூரன்ஸ் அதிகாரி நெய்யாற்றின்கரை பங்களாவில வந்து தங்கியிருக்காரு. நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வாறாரு" என்றார்.

மலையாளத்தில் எழுதிய வாக்குமூலம். கீழே அந்தத் தொழிலாளியின் தமிழ்க் கையெழுத்து. நடுவில் ஒரு வரி: 'பாதுகாப்புக் கண்ணாடி தந்திருந்தும் என் இஷ்டத்தால் அணியவில்லை.' இந்த வரி நின்றால் நஷ்டஈடு இல்லை.

கண்ணாடி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் ஆறு கண்ணாடிகள் வந்தன. கல்பொடி படிந்து மங்குகிறது என்று தொழிலாளிகள் முணுமுணுத்தார்கள். "பூட்டி வை. அதிகாரி வரும்போ மாட்டிக் காட்டினாப் போதும்" என்றார் முதலாளி. ஜனவரி 11 அன்று நானே ஒவ்வொன்றாகத் துடைத்து, அன்றைய செய்தித்தாளில் சுற்றி, அலமாரியில் பூட்டினேன். டைரியிலும் எழுதினேன். பிறகு அதைத் திறக்கவில்லை. ஒரே சாவி, என் அரைஞாணில்.

மாலை ஐந்தரைக்கு அந்தத் தொழிலாளி வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒப்புப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்குண்ணு தெரியுமா?" என்று கேட்டேன்.

"சில்லு தெறிச்சு கண்ணு போச்சுண்ணு. முதலாளி வாசிச்சுக் காட்டினாரே."

"நீர் வாசிச்சீரா?"

"மலையாளத்தில சண்டையும் போடுவேன், சாறே. வாசிக்கத் தெரிஞ்சிருந்தா மலையாளக் கல்லறை எழுத்தும் நான்தான் வெட்டியிருப்பேன்."

அந்த வரியை நினைவிலிருந்து தமிழில் சொன்னேன். கண்ணாடி இருக்கும் இடத்தையும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள்: "சாவி யாருக்க கையில?"

"என் கையில்."

"அப்ப பூட்டினதும் நீரு, வந்து சொல்லுததும் நீரு" என்றார் அவர். "முதலாளி ஆழம் பாக்க அனுப்பினாரா?"

"இல்லை. நாளைக்கு முதல் பஸ்ஸில் சாவியோடு நெய்யாற்றின்கரைக்குப் போறேன். அதிகாரி முன்னால அலமாரியைத் திறக்கணும். வேணும்னா நீரும் வாரும்."

"இதையும் டைரியில எழுதுவீராக்கும்?"

"எழுதுவேன்."

அவர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார்.

ஆறரைக்கு வீடு திரும்பினால் முதலாளி படலைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"சாவியத் தா, மக்கா. கண்ணாடியை எல்லாம் காலைல ஆணியில தொங்கப்போடணும். கொஞ்சம் கல்பொடியும் தேய்ச்சு வைக்கணும்."

"பட்டறையில் வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் பார்வை என் இடுப்புக்குப் போய்த் திரும்பியது. வேட்டிக்குள் சாவி தொடையைக் குத்தியது.

"அவனுக்க வீட்டுக்குப் போனியாமே?"

"கண்ணு எப்படியிருக்குண்ணு கேக்கப் போனேன்."

"கண்ணு இல்லாதவன்கிட்ட கண்ணப்பத்திக் கேக்கப் போனியா? நல்ல காரியம்." செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, "எல்லை எங்க போனாலும் பட்டறை இங்கதான் உண்டு. ஓர்மையில வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கும் முன் டைரியைப் புரட்டினேன். ஜனவரி 11 பக்கத்தை மட்டும் காட்ட முடியாது. அதே டைரியில், வேறு பக்கங்களில், எந்தப் போராட்டக் கூட்டத்துக்கு யார் யார் போனார்கள் என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் எழுதும் பழக்கத்தால் வந்த வினை. அதிகாரி கையிலிருந்து அது போலீஸ் கைக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி? டைரி வீட்டிலேயே இருக்கட்டும்; ஜனவரி 11 தேதி போட்ட செய்தித்தாளோடு கண்ணாடிகளே பேசட்டும் என்று முடிவு செய்தேன். முதலாளி இரவோடு இரவாகப் பூட்டை உடைத்தால்? உடைந்த பூட்டையும் அதிகாரிக்குக் காட்டலாம்.

மறுநாள் முதல் வேலையாக, பட்டறைப் பக்கம் போகாமல், ஐந்தே முக்காலுக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். கண்ணில் கட்டோடு அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"நம்பி வரல்ல, சாறே" என்றார். "சாவி போய்ச் சேருதாண்ணு பாக்க வந்தேன்."

அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இடது கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார். ஆறு பத்துக்குப் பஸ் வந்தது.