காலி பிரேமுக்கு வந்த ஆள்

என் வீட்டுக்காரரை அவருடைய நண்பர்கள் பாஸ்போர்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு வருகிறவர்கள். ஊரில் இத்தனை பேரை விமானம் ஏற்றிவிட்ட மனிதரிடம் சொந்தமாக ஒரு பாஸ்போர்ட் கிடையாது. "நாமளும் ஒண்ணு எடுத்து வைப்போமே" என்று கேட்டால், "என்னை யாரு படம் எடுக்கிறது?" என்பார். அதெல்லாம் ஒரு பதிலா?

அவர் கடைக்கும் என் தையல் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். அந்தப் பக்கம் அவர் பேசுவது எனக்கு மனப்பாடம். ஸ்டூலில் உட்கார்ந்தவரின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து லேசாகத் தூக்குவார். "கொஞ்சம் நிமிருங்க. காது ரெண்டும் தெரியணும். கண்ணை மூடாதீங்க. சிரிக்காதீங்க." அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு, மரு, தழும்பு, மூக்கு நுனியில் விழுந்த வெளிச்சம் என்று ஒவ்வொரு புள்ளியாக அழிப்பார். ஆளைக் கொண்டுபோய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்லத் தோன்றும்.

கடை வாசலில் கண்ணாடி ஷோகேஸ் உண்டு. கல்யாண ஜோடி, குப்புற விழுந்து தலை தூக்கும் குழந்தை, பட்டம் வாங்கிய கறுப்பு அங்கி, எல்லாம் அதில் இருக்கும். நடுவில் மட்டும் ஒரு பெரிய பிரேம், உள்ளே வெறும் வெள்ளை அட்டை. கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான். யாராவது கேட்டால், "ஆள் இன்னும் வரலை" என்பார். என்னிடம் ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொன்னார். "இதுவரைக்கும் எடுத்த படம் எல்லாம் அடுத்தவங்க கேட்டு எடுத்தது. நானா ஆசைப்பட்டு எடுக்கிற ஒண்ணை அங்க மாட்டணும்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு என்னவோ போல் இருந்தது. நல்ல இடத்தை இப்படிக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறாரே என்று அதற்கு முன்னால் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் என் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு கறுப்பு பட்டனை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பட்டனை எரிகிற பல்புக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"இங்க பாரேன். எவ்வளவு பெரிய பல்பு, எத்தனூண்டு பட்டன். தூரம் மட்டும் சரியா அமைஞ்சா முழுசா மூடிடுது. நிலா இதைத்தான் பண்ணப் போகுது."

"சட்டைக்கு ஒரு பட்டன் குறையுது, குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டேன். அவர் கடைப் பக்கம் போனதும் நானும் அதே மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சரியாகத்தான் மூடியது. சுற்றிலும் ஒரு நூல் அளவுகூட வெளியே தெரியவில்லை. வானத்தில் யார் இப்படி அளவெடுத்து வைத்தது?

அன்றைக்கு மத்தியானம் ஷோகேஸைத் துடைக்கும்போது காலி பிரேமைக் காட்டி, "ஆள் வர்றாரு" என்றார். முழு சூரிய கிரகணம். எங்கள் ஊரில் ஓரமாக ஒரு கீற்று மறையாமல் மிச்சம் நின்றுவிடும். வேனில் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் முழுசாகத் தெரியும். அதுவும் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எங்கள் ஆயுசில் இந்தப் பக்கம் இன்னொன்று கிடையாது.

வேனுக்கு ஆள் இருந்தது. அவருடன் படித்தவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இன்னொரு நண்பர் வெல்டர். மூவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் மூக்கைத் துடைப்பார்கள். நீளமான லென்ஸைக் கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினார்கள். சூரியனை அப்படியே எடுத்தால் கேமரா கருகிவிடும், முன்னால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெல்டர் தன் தொழிலில் உள்ளதிலேயே அதிகக் கறுப்பான கண்ணாடியை வெட்டி, தகரத்தில் மூடி மாதிரி செய்து கொண்டுவந்தார்.

எங்கள் மாடியில் ஒத்திகை நடந்தது. நல்ல காற்று. மூடி கழன்று தரையில் விழுந்து உருண்டது. வேன் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னடா, நீ போட்ட கேட்டெல்லாம் நிக்குதா? போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

வெல்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. என் வீட்டுக்காரர் அவரிடம் பொறுமையாகச் சொன்னார், நானும் கூடவே இருந்தேன். "சூரியன் கொஞ்சம் தெரியுற வரைக்கும் மூடி விழவே கூடாது. முழுசா மறைஞ்சதும் மூடியை எடுத்துடணும். அப்ப வெளிச்சம் நிலா வெளிச்சம் அளவுதான் இருக்கும். மூடியோட எடுத்தா ஒண்ணுமே விழாது." வெல்டர் தலையை ஆட்டினார். "குடு, நான் பாத்துக்கிறேன்" என்று லென்ஸையும் மூடியையும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் காதில் ஏறியது முதல் பாதி மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கழலாத மாதிரி பொருத்துவதே தொழிலாக இருக்கிறவரிடம் போய் "விழவே கூடாது" என்று சொன்னால், அதற்கப்புறம் சொல்வது எதுவும் உள்ளே போகுமா?

கிரகணத்தன்று ஒரு கிடங்குக்குப் பின்னால், லாரிகள் திரும்புகிற சிமெண்ட் தளத்தில் வேனை நிறுத்தினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் கிரகணம் தொடங்கியதும் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பார்ப்பதற்கென்றே விற்கிற அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், சூரியனின் ஓரத்தை யாரோ கடித்த மாதிரி இருந்தது. காலர் வெட்ட நான் வைத்திருக்கும் அட்டையை வெயிலுக்கு விசிறிக்கொள்ளக் கொண்டுவந்திருந்தேன். அதில் அளவுக்காக வரிசையாக ஊசித் துளை போட்டிருப்பேன். தற்செயலாகக் கீழே பார்த்தால், சிமெண்டில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிப் பிறை! வரிசையாகப் பிறைகள். மூன்று ஆண்களும் கேமராவை விட்டுவிட்டு என் அட்டைக்குக் கீழே குனிந்து நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வெளிச்சம் வற்றத் தொடங்கியது. சாயங்காலம் மாதிரி இல்லை. நிழல்களெல்லாம் கூர்மையாக, நிறம் மட்டும் செத்துப்போய். காற்று சில்லென்று ஆனது. வெல்டர் தன் கண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெல்டிங் கண்ணாடி போட்ட மாதிரியே இருக்கே. நான் போடவே இல்லையேடா!"

என் வீட்டுக்காரர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். கேமரா டக் டக்கென்று எடுத்தது. "இதோ... இதோ..." என்றார். வெளிச்சம் சட்டென்று அணைந்தது. அவர் கை மூடிக்குப் போனது.

மூடி வரவில்லை.

திருகினார். வரவில்லை. "டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"மூணு ஸ்குரூ போட்டு, உள்ள ரப்பர் குடுத்து, சுத்தி பசை வச்சிருக்கேன்" என்றார் வெல்டர், ரொம்பப் பெருமையாக. அடுத்த நொடி அவர் முகம் வெளிறியது. "ஐயோ, எடுக்கணும்ல!"

இருவரும் லென்ஸின் மேல் கவிழ்ந்தார்கள். உடும்புப் பிடி. வெல்டர் சாவிக் கொத்தால் நெம்பினார். டிரைவர், "சுத்தியல் எடுத்து ஒரு தட்டு தட்டட்டுமா?" என்றார். "இரவல் லென்ஸுடா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். இத்தனை வருஷமாகக் காத்திருந்த ஆள் வந்து நிற்கிறார், கதவைத் திறக்க முடியவில்லை.

நான் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தேன். கறுப்பு பட்டன். அதே பட்டன்தான். ஆனால் சுற்றிலும் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து வானமெங்கும் நீண்டிருந்தது. பல்பில் பார்த்தபோது ஒரு நூல்கூட இல்லையே, இது எங்கே ஒளிந்திருந்தது? யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டிய மனிதர் குனிந்து தகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, விடுங்க. மேல பாருங்க!"

காதில் விழவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு. பக்கத்தில் போய் அவர் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கினேன்.

"கொஞ்சம் நிமிருங்க. கண்ணை மூடாதீங்க."

நிமிர்ந்தார். வாய் திறந்தது. லென்ஸைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மேலே வைத்த கண்ணை எடுக்காமலே அந்தக் கை பக்கவாட்டில் தடவித் தடவி, இன்னும் குனிந்து நெம்பிக்கொண்டிருந்த வெல்டரின் தாடையைத் தேடிப் பிடித்து, அதையும் மேலே தூக்கியது.

ஆயுசு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி வழியாகவே நெருப்பைப் பார்த்த வெல்டர் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு பேரும் அப்படியே நின்றோம். ஒரு ஓரத்தில் பளிச்சென்று வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தபோது டிரைவர்தான், "கண்ணாடி, கண்ணாடி போடுங்க!" என்று கூப்பாடு போட்டார்.

திரும்பும் வழி முழுக்க என் வீட்டுக்காரரும் டிரைவரும் நானும் ஒரே பேச்சு. அந்த நூல் எப்படி வந்தது, பக்கத்தில் மின்னியது எந்தக் கிரகம், காற்று ஏன் குளிர்ந்தது. வெல்டர் மட்டும் பின் சீட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு அது சமர்த்தாகக் கழன்று வந்திருந்தது. இறங்கும்போது, "உன் பிரேமைக் கெடுத்துட்டேன்டா" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தோம். முதலில் பிறைகள், எல்லாரிடமும் இருக்கிற மாதிரி. பிறகு கறுப்பு. கறுப்பு. வெறும் கறுப்பு. வெளிச்சம் அணைந்த அந்த நொடியில் எடுத்த படத்தில் மட்டும் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, குண்டூசி முனை அளவுக்கு. பழக்க தோஷம், அவர் கை தானாகவே அழிக்கிற கருவியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தது. அப்படியே நின்றது.

"இது தூசி இல்லை" என்றார் மெதுவாக. "மறையறதுக்கு முன்னாடி மிச்சம் இருந்த கடைசிச் சூரியன். மூடி இருந்ததாலதான் இது மட்டும் தனியா விழுந்திருக்கு. மூடி அப்பவே கழண்டிருந்தா எல்லாம் ஒரே வெள்ளையாப் போயிருக்கும்."

அதைத்தான் பெரிதாக அச்சடித்து நடு பிரேமில் மாட்டினார். கறுப்புப் படம், ஒரு புள்ளி. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள், "அண்ணே, பிரேம்ல தூசி ஒட்டியிருக்கு" என்று சொல்லுவார்கள். இவருக்கு அது போதும். ஸ்டூலில் ஆளை உட்கார வைத்துவிட்டு, என் கறுப்பு பட்டனை எடுத்துக்கொண்டு பல்பைப் போட்டுவிடுவார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

வெல்டர் மட்டும் வரவே இல்லை. போன் செய்தால் வேலை இருக்கிறது என்பார். ஒரு நாள் டிரைவர்தான் அவரைப் பிடித்து வேனில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். ஷோகேஸ் முன்னால் ரொம்ப நேரம் நின்றார் வெல்டர். கண்ணாடிக் கதவைத் திறந்து, படத்திலிருந்த புள்ளியைக் கட்டை விரலால் தேய்த்தார். சட்டை நுனியில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

"என்னடா இது, போக மாட்டேங்குது?"

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே சொன்னார்.

"நீ வச்சதாச்சே. எப்படிடா போகும்?"