நிஜமாகவே விழுந்த அறை

என் அப்பா காலத்திலிருந்தே சினிமாவில் வில்லனாக நடித்து வருகிறவர் அவர். ஒரு காலத்தில் கோவில்பட்டி தியேட்டர்களில் அவர் முகம் வந்தாலே பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவார்கள். வயதான பிறகு, அதே முகத்தோடு செல்ஃபி எடுக்க ஊரே முண்டியடிக்கிறது.

ஊருக்கு வெளியே பருத்திக் காட்டில் அவர் படப்பிடிப்பு நடந்தபோது, ஆட்களை ஏற்றி இறக்க என் ஆட்டோவைப் பேசியிருந்தார்கள். அன்று காலையில் என் வண்டியில் வந்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். தகப்பன் காடு உழுது பிழைக்கிற சம்சாரி. பண்ணையாராக வரும் நடிகரிடம் அறை வாங்கும் வேஷம் அவருக்கு. மகன் நூல் மில்லில் வேலை பார்ப்பவன், துணைக்கு வந்திருந்தான்.

நடிகர் கன்னத்தில் படாமல் கையை வீசுவார். பெரியவர் தலையைத் திருப்பிக்கொண்டு விழ வேண்டும். டைரக்டருக்குத் திருப்தியில்லை, திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வெயில் ஏற ஏற நடிகரின் கை தடுமாறியது. ஒரு தடவை அறை நிஜமாகவே கன்னத்தில் விழுந்துவிட்டது. பெரியவர் கரிசல் கட்டிகளின் மேல் குப்புற விழுந்தார். எழுந்தபோது உதட்டில் ரத்தம். டைரக்டர் கைதட்டினார். வேடிக்கை பார்த்த கூட்டம் விசிலடித்தது.

அடுத்த நொடி, மகன் எறிந்த கல் நடிகரின் நெற்றியைப் பிளந்தது.

"யாரு மேலலே கல்ல எறியுத?" என்று கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. செருப்பு, கம்பு, விளக்கு மாட்டுகிற இரும்புக் கம்பி, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அடித்தார்கள். அவன் பல் தெறித்து விழுந்ததை நான் பார்த்தேன். கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை. "எம் புள்ளய்யா, விடுங்கய்யா" என்று பெரியவர் ஒவ்வொருவர் இடுப்பையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றி ரத்தம் கண்ணில் வழிய நடிகர் உள்ளே புகுந்தார். அடிக்கிற வெறியில் யாரென்று தெரியாமல் அவர் முதுகிலும் கம்பு விழுந்தது. அவர் அவன்மேல் கவிழ்ந்து படுத்த பிறகுதான் கைகள் ஓய்ந்தன.

மூவரையும் என் ஆட்டோவிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"தப்பு என்னோடதுங்க. கை சொன்ன பேச்சு கேக்கல" என்றார் நடிகர், பெரியவரிடம்.

"அதனால என்னய்யா, நடிப்புதான. உங்க கையால வாங்குததுக்கு..."

மகன் ரத்தத்தைத் துப்பினான். "நீங்க சும்மா இருங்கப்பா."

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரித்தபோது, "யார் எறிஞ்சதுன்னு தெரியல" என்று நடிகர் சொல்லிவிட்டார். தையல் போட்டு முடித்ததும் நர்ஸ் ஒரு செல்ஃபி கேட்டாள். அவரும் தட்டாமல், சினிமாவில் சிரிக்கிற அந்தக் கோணல் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். எதிர் பெஞ்சில் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் என் பக்கம் குனிந்து, "ஏப்பா, நாளைக்கும் என்னைய வரச் சொல்லுவாவளா?" என்று கேட்டார்.

அது மகன் காதிலும் விழுந்துவிட்டது. எழுந்து வெளியே நடந்தான். நான் ஆட்டோவோடு பின்னாலேயே போய், "ஏறுப்பா, வீட்டுல விடுதேன்" என்றேன். அவன் வீங்கிய வாயைக் கையால் பொத்தியபடி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டான்.