துடக்குக் கழித்த வீடு

ஒரு பச்சைக் குழந்தையால் யாருக்கு என்ன தீட்டு வந்துவிடும்? உங்களால் சொல்ல முடியுமா? பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் தெய்வம்மா இதைத்தான் வீடு வீடாகக் கேட்டாள். ஆனாலும் ஒருவரும் பிள்ளை பெற்ற ரஞ்சனி வீட்டுப் படியேறவில்லை.

தெய்வம்மா பிள்ளைக்காம்பிரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் அவளிடம்தான் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். தேயிலை விலை சரிந்ததும் நிர்வாகம் முதலில் இழுத்து மூடியது அந்தப் பிள்ளைக்காம்பிராவைத்தான். அடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடிய எஸ்டேட் வேனை விற்றது. வேலை போன பிறகும் தெய்வம்மா சும்மா இருக்கவில்லை. குறைமாதப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து யார் திரும்பினாலும் அந்த வீட்டில் போய் நின்றாள்.

ரஞ்சனியின் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். எந்நேரமும் யாராவது ஒருவர் நெஞ்சுச் சூட்டில் அவள் கிடக்க வேண்டும், எடை ஏறும்வரை குளிப்பாட்டவே கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். ரஞ்சனி, அவள் புருஷன் சசிதரன், தெய்வம்மா என்று மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். சட்டைக்குள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த சசிதரனை, பக்கத்து வீட்டுப் பழனியாண்டி வாசலில் நின்றே சீண்டினான்.

“என்னடா சசி, பால் குடுக்கவும் பழகிட்டியா?”

“உள்ள வா அண்ணே, உனக்கும் பழக்கி விடுறேன்.”

“துடக்கு கழியட்டும்டா, வாறேன்.”

சிலோனில் வீடு வாசலை விட்டுவிட்டுக் கப்பலேறிய லயத்துச் சனம், துடக்கு என்ற இந்தத் தீட்டை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தது. தாயும் பிள்ளையும் தலைமுழுகும்வரை, பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

சசிதரன் கூலி வேலை தேடிக் கூடலூர் போனான். ரஞ்சனி காய்ச்சலில் படுத்தாள். தெய்வம்மாவை விட்டால் பிள்ளையைச் சுமக்க ஆள் இல்லை.

“குளிப்பாட்டிட்டா நாலு பேரு வருவாங்கக்கா.”

“வராட்டிப் போறாளுக. நீ தண்ணி மட்டும் ஊத்திறாத.”

சொல்லிவிட்டுத் தெய்வம்மா மாத்திரை வாங்கப் பந்தலூர் போனாள். திரும்பி வந்தபோது வீடு கொள்ளாத பெண்கள். ஒரே சாம்பிராணிப் புகை. ஈரத் தலையோடு பிள்ளை பாயில் கிடந்தது.

“பாருங்கக்கா, எல்லாரும் வந்துட்டாங்க,” என்றாள் ரஞ்சனி. அவள் முகத்தில் அத்தனை நிம்மதி.

தெய்வம்மா பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ரவிக்கைக்குள் போட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பனி மூட்டத்தில் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். ஒரு ஜீப் வந்து நின்றபோது அவள் நெஞ்சில் கிடந்த பிள்ளையிடம் எந்த அசைவும் இல்லை.

“ஆள் கிடைக்கும்னுதானேக்கா செஞ்சேன்,” என்று ரஞ்சனி அலறினாள். அவளைக் குற்றம் சொல்ல எவருக்கும் வாய் கிடையாது. வாசலில் நின்றவர்களும் வேனை விற்றவர்களும் சேர்ந்து செய்த கொலை அது.

உங்கள் தெருவுக்கும் இப்படியொரு பிள்ளை வரும். எந்தச் சடங்குக்கும் காத்திருக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அன்றைக்கே உள்ளே போங்கள். தாயைத் தூங்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை உங்கள் நெஞ்சில் வாங்கிக்கொள்ளுங்கள்.